அண்ணன் முகத்தைத் தைக்கப் போய்

நான் முகம் தைப்பதில்லை. மூங்கில் வளையத்தில் துணியை இறுக்கிக் கட்டி, ஊசியும் நூலுமாகப் படம் செய்து விற்பது என் தொழில். கல்யாண ஜோடி, கைக்குழந்தையோடு தாய், அறுபதாம் கல்யாணம் முடித்த தம்பதி என்று போனில் போட்டோ அனுப்பிக் கேட்பார்கள். கூந்தல், பூ, புடவைக் கரை, வேட்டி மடிப்பு எல்லாவற்றையும் தைத்துவிட்டுக் கண்ணும் மூக்கும் வாயும் வரவேண்டிய இடத்தை வெறும் துணியாக விட்டுவிடுவேன். முகம் தைக்க வராது என்பதால்தான் அப்படித் தொடங்கினேன். பிறகு பார்த்தால் அதுதான் இப்போது ஃபேஷன் என்றார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

வீடு இலஞ்சியில். அப்பா இருந்தவரை நெல் மூட்டை கிடந்த மாடியறைதான் என் வேலைக்கூடம். கல்யாணமாகிப் போன வேகத்தில் திரும்பி வந்தவள் நான். அம்மாவும் நானும் மட்டும் இருந்த வீட்டில், பொழுது போகவேண்டுமே என்று போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை. "கிழிஞ்சதத் தைக்கதுக்குத்தான் ஊசி. நல்ல துணியில என்னத்தட்டி குத்திக்கிட்டு இருக்க?" என்பாள்.

முதன்முதலில் எனக்கு வளையங்கள் வாங்கி வந்து தந்தது அண்ணன்தான். வடக்கே ஓர் ஊரில் ஏட்டாக இருந்தான். லீவுக்கு வரும்போது ஒரு பையில் சின்னதும் பெரிதுமாக வளையங்களைப் போட்டு எடுத்து வந்தான். "கடைக்காரன் எனக்கான்னு கேட்டான். ஆமான்னுட்டேன். போலீஸ்காரன் பூத்தையல் போடக்கூடாதா?" என்று சிரித்தான். நான் தைத்த ஒரு மரங்கொத்தியை அவன் குவார்ட்டர்ஸ் வாசலில் மாட்டி வைத்திருந்தான். வருகிறவர்களிடமெல்லாம் என் தங்கச்சி செய்தது என்று காட்டுவானாம். இதை அவன் மனைவி, என் மதினி, சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த அண்ணன் ஒரு நாள் காலையில் டூட்டிக்குப் போகவில்லை. மதினி காய்கறிக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

கூட வேலை பார்த்தவர் ஒருவர் போன் செய்து சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொன்னது அவளுக்கு முதலில் கேட்கவே இல்லை. இரண்டாம் முறை சொன்னபோது கையை அரிசித் தண்ணீரிலிருந்து எடுக்காமலே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் உடல் வந்தது. மதினியும் அதே வண்டியில் வந்தாள். கட்டியிருந்த சேலையில் காய்கறிக் கடைக்குப் போனவள் அதே சேலையில்தான் வந்து இறங்கினாள்.

என்ன சொல்வது என்பதைச் சித்தப்பா முடிவு செய்தார். அவர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். எங்கள் குடும்பத்தில் வீட்டுக்கு ஒருவர் போலீஸ் அல்லது ராணுவம். அவர் மகன் அப்போது போலீஸ் தேர்வு எழுதி, அடுத்த கட்டத்துக்காகக் காலையும் மாலையும் ஓடிக்கொண்டிருந்தான்.

"ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லிருவோம்" என்றார் சித்தப்பா. "நாலு பிள்ளைக வேலைக்குப் போகணும், நாலு பொட்டப்பிள்ளையளக் கெட்டிக் குடுக்கணும். அந்தக் குடும்பத்துல புத்தி பேதலிச்சுச் செத்தான்னு பேரு வரப்படாது."

போஸ்ட்மார்ட்டம் முடிந்து வந்த உடல். வந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் "சின்ன வயசுல இப்படி ஒரு ஹார்ட் அட்டாக்கா" என்றே கேட்டு அழுதார்கள். ஒருவர் வாயிலிருந்தாவது வேறு சொல் வரும் என்று எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. வரவில்லை.

மதினிக்குப் பிள்ளை இல்லை. அப்பா அம்மாவும் இல்லை. கடையநல்லூர்ப் பக்கம் இருந்த அவள் தம்பி, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனவன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கீழே பின்கட்டு அறையில் தங்கினாள். விடிந்ததும் குளித்துவிட்டு வந்து, யாரும் சொல்லாமலே பாத்திரம் துலக்குவாள், முற்றம் பெருக்குவாள். அம்மா அவளோடு நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். சுவரிடம் பேசுவாள்.

"கூடவே கிடந்தவளுக்கு ஒண்ணும் தெரியாதாம். புருசன் மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா? பெத்தவ நான் இங்கன கிடந்தேன். நான் எப்படிக் காண?"

மதினி துலக்கிய பாத்திரத்தையே மறுபடியும் துலக்குவாள். ஒரு நாள்கூடத் திருப்பிச் சொன்னதில்லை. அது அம்மாவுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது. தெரிந்திருந்தும் மறைத்தவள்தான் இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று என்னிடம் சொல்வாள். நான் அம்மாவையும் தடுக்கவில்லை, மதினி பக்கமும் போய் உட்காரவில்லை. மாடிக்குப் போய்விடுவேன். மாடியில் யாருடைய கல்யாணப் புடவையாவது எனக்காகக் காத்திருக்கும்.

தலைத் திவசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அம்மா மூட்டு வலியோடு படியேறி மேலே வந்தாள். அதற்கு முன்பு அவள் அந்த அறைக்கு வந்து நான் பார்த்ததில்லை. சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் தைக்க. ஒங்க அண்ணனுக்கு ஒண்ணு தைக்க மாட்டியா?"

"தைக்கேன்மா."

"யூனிபாரம் போட்டுத் தைக்கணும். முகத்தோட தைக்கணும். இப்படி மொட்டையா வச்சிராத. எம் பிள்ளைக்கு முகம் இல்லையா?"

எனக்கு முகம் வராது என்று சொல்ல நினைத்தேன். அவள் நின்ற நிலையைப் பார்த்து, சரி என்றேன்.

காடாத் துணியை நனைத்துக் காயவைத்து, இருப்பதிலேயே பெரிய வளையத்தில் கட்டினேன். அண்ணனுக்குப் பதவி உயர்வு வந்தபோது எடுத்த போட்டோவைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியை வைத்துத் தடம் எடுத்தேன். காக்கிச் சட்டை சுலபமாக வந்தது. பட்டன், தோள்பட்டை, பையின் மூடி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். தொப்பியின் விளிம்புக்குக் கீழே வந்ததும் கை நின்றுவிட்டது.

அது சாரல் காலம். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று கார்கள் எங்கள் ரோட்டில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மாடியறையில் எதைத் தொட்டாலும் ஈரம். தடம் போடுகிற பேனாவின் மை ஈரம் பட்டால் அழிகிற மை. காலையில் வரைந்து வைத்த கண்ணும் மூக்கும் சாயங்காலம் பார்த்தால் பாதி இருக்காது. மறுபடி ஜன்னலில் ஒட்டி மறுபடி வரைவேன். ஒற்றை இழை நூலில் நான்கு விதப் பழுப்பு நிறம் வைத்துத் தைத்துப் பார்த்தேன். வந்தது வேறு யாரோ ஒரு போலீஸ்காரன். பிரித்தேன். மறுபடி தைத்தேன். அதுவும் இன்னொருவன்.

ஒரு மத்தியானம் கீழே அம்மா சுவரோடு பேசத் தொடங்கியபோது, மதினி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேலே வந்தாள். வாசலில் நின்று, "நான் இங்கன செத்த நேரம் இருக்கட்டா?" என்று கேட்டாள்.

இருக்கச் சொன்னேன். பாயில் உட்கார்ந்தாள். சிக்கலாகக் கிடந்த நூல்களை எடுத்து, கேட்காமலே சிக்கெடுத்து அட்டையில் சுற்றத் தொடங்கினாள். மறுநாளும் வந்தாள். பிறகு தினமும் வந்தாள். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆறு இழை நூலைப் பிரித்து ஒற்றை இழையாக எடுத்துத் தருவாள். விரலுக்கு ஒன்றாய்ப் பொறுமையாகப் பிரிப்பாள். நான் வாங்கிக் கோப்பேன்.

நான் இடது கண்ணை முடித்துவிட்டு வளையத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்த அன்றுதான் அவள் வாய் திறந்தாள்.

"இந்தக் கண்ணு அவுக கண்ணு இல்ல."

"போட்டோவுல இப்படித்தான் இருக்கு மதினி."

"போட்டோ எடுத்தப்ப இப்படி இருந்தாக. பொறவு இப்படி இல்ல."

கையை நீட்டினாள். வளையத்தைக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, ஊசி முனையால் அந்தக் கண்ணை ஒவ்வொரு இழையாகப் பிரிக்கத் தொடங்கினாள். பிரித்துக்கொண்டே சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

கடைசி ஒரு வருஷமாக அண்ணன் தூங்கவில்லை. படுப்பான், எழுந்து உட்கார்ந்துகொள்வான். டூட்டி முடிந்து வந்ததும் பூட்ஸைக் கழற்றாமல் நாற்காலியில் இருப்பான். தட்டு வைத்தால் தட்டையே பார்ப்பான். ஸ்டேஷனில் சண்டையா, கடனா, வேறு ஏதாவதா என்று இவள் கேட்டிருக்கிறாள். "ஒண்ணுமே இல்ல. அதான் எனக்கும் புரியல" என்று சொன்னானாம். நெஞ்சுக்குள் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கின மாதிரி இருக்கிறது என்று ஒரு முறை சொன்னானாம்.

"நான்தான் இழுத்துட்டுப் போனேன். பக்கத்து ஊர்ல மனநல டாக்டர் ஒருத்தர் இருந்தாரு. நல்ல மனுசன். இதுவும் சுகர் மாதிரி ஒரு வியாதிதான், மருந்து சாப்பிட்டா சரியாகும்னாரு. கொஞ்ச நாள் சாப்பிட்டாக. தூங்கினாக. ஒரு நாள் என்கிட்ட, இன்னைக்குச் சாம்பார் நல்லாருக்குட்டின்னு சொன்னாக. நான் அடுப்படியில போய் நின்னு அழுதேன்."

"பொறவு என்னாச்சு மதினி?"

"பகல்ல தூக்கமா வருது, டூட்டியில நிக்க முடியலன்னு நிறுத்திட்டாக. டாக்டர்கிட்டச் சொல்லி மாத்திக் கேப்போம்னேன். வரமாட்டேன்னுட்டாக. போலீஸ்காரன் பைத்தியக்கார டாக்டர்கிட்டப் போறான்னு தெரிஞ்சா எவன் மதிப்பான்னாக. ஊருக்குச் சொல்லட்டான்னு கேட்டேன். என் கையைப் பிடிச்சு அவுக தலையில வச்சு, அம்மாட்டச் சொன்னா நான் இருக்க மாட்டேன்னாக."

ஊசி நின்றது.

"சொல்லல. அப்பவும் இருக்கல."

வெளியே சாரல் சத்தமில்லாமல் பெய்துகொண்டிருந்தது. நான் திரும்பியபோதுதான் அம்மாவைப் பார்த்தேன். படியின் கடைசியில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படம் எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க வந்தவள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. முட்டி வலிக்க ஒவ்வொரு படியாக ஏறியிருப்பாள். நிறையவே கேட்டிருக்க வேண்டும்.

மதினியும் பார்த்துவிட்டாள். வளையத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அடி விழப்போகிறது என்பதுபோல நின்றாள்.

அம்மா உள்ளே வந்து பாயில் உட்கார முயன்றாள். முட்டி மடங்கவில்லை. நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன். உட்கார்ந்தாள். வளையத்தில் இருந்த காக்கிச் சட்டையைப் பார்த்தாள்.

"மாத்திர எடுத்தானா அவன்?" என்று கேட்டாள். சுவரிடம் இல்லை, மதினியிடம்.

"ஆமா அத்த."

"எடுத்தப்ப நல்லாருந்தானா?"

"நல்லாருந்தாக."

அம்மா தலையாட்டினாள். பிறகு சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எங்கிட்ட நீ சொல்லியிருந்தா நான் என்னட்டி செஞ்சிருப்பேன்? அந்த மாத்திரையத் தூக்கி ஓடையில போட்டிருப்பேன். எம் பிள்ளைய எவளோ பைத்தியமாக்கப் பாக்கான்னு ஒன்னய ஏசியிருப்பேன். மந்திரிச்சுக் கயிறு கெட்டக் கூட்டிட்டுப் போயிருப்பேன். அது தெரிஞ்சுதான் சொல்லப்படாதுன்னிருக்கான்."

மதினி நின்ற இடத்திலேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். அண்ணன் உடலோடு வந்து இறங்கிய அன்று அழாதவள் அன்று அழுதாள். அம்மா அவளைத் தொடவில்லை. அவள் அழுது முடிக்கும்வரை ஸ்டூலிலேயே இருந்தாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

இதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அம்மா சுவரோடு பேசுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். சாப்பிடும்போது மதினிக்கும் தட்டு எடுத்து வைத்தாள். வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது, அந்த அமைதி சில நாள் சண்டையைவிடக் கனமாக இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் இரண்டு பேருக்கும் அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

படம் முடியவில்லை. பிரித்துப் பிரித்துத் தைத்ததில் கண் இருந்த இடத்தில் துணி நைந்து, ஊசித் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழிந்துவிட்டது. அடியில் வேறு துணி வைத்துத் தைத்துப் பார்த்தேன். போலீஸ் சட்டைக்கு மேல் ஒட்டுப்போட்ட முகம். பார்க்கச் சகிக்கவில்லை. வளையத்திலிருந்து கழற்றி மடித்து ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அம்மா அதைப் பற்றிக் கேட்கவில்லை. திவசத்துக்குத் தென்காசியில் கொடுத்துப் போட்டோவுக்குச் சட்டம் போட்டு வந்தோம்.

திவசத்தன்று சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். இலை எடுத்த பிறகு பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தூரத்து உறவில் ஒரு பெரியம்மா, "நல்லா இருந்த பய. நெஞ்சு வலின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கலாமே" என்று ஆரம்பித்தாள். வருஷம் முழுக்கக் கேட்ட பேச்சுத்தான்.

"அவனுக்கு நெஞ்சு வலி இல்ல" என்றாள் அம்மா.

வாசல் பக்கம் இருந்த சித்தப்பா அம்மாவைப் பார்த்து, "மதினி, பேசாம இரிங்க" என்றார்.

"ஒரு வருசம் பேசாமத்தானே இருந்தேன்" என்றாள் அம்மா. "எம் மகனுக்கு மனசுல சீக்கு. தானாப் போயிட்டான். மருந்து இருந்துச்சு, சாப்பிட்டான், நிறுத்திட்டான். ஒங்களுக்கெல்லாம் தெரியும். நான்தான் ஒண்ணும் தெரியாம வளத்திருக்கேன்."

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். சித்தியும் பின்னாலேயே போனாள். அன்றைக்குப் பிறகு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவர் மகன் தேர்வாகி வேலையில் சேர்ந்துவிட்டான், எங்களால் அவனுக்கு ஒன்றும் கெடவில்லை. ஆனாலும் எங்களிடம் சொல்லவில்லை, தெருவில் பிறர் சொல்லித்தான் தெரிந்தது. அம்மா வாயைத் திறந்ததால் சொந்தத்தில் பாதி எங்களை விட்டுப் போனது. கோவில் கொடை விழாவுக்குப் போனால் எங்கள் பக்கத்தில் உட்கார யோசிக்கிறார்கள்.

அன்று எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது நான் மாடியில் இருந்தேன். கீழே இருக்க முடியவில்லை. மதினியும் இருந்தாள். படியேறி ஒரு பெண் வந்தாள். புளியறையில் வாக்கப்பட்டவள், எங்களுக்கு ஒன்றுவிட்ட உறவு, விசேஷ வீடுகளில் பார்த்ததோடு சரி. அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். சுவரில் இருந்த படங்களைப் பார்ப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு படத்தைத் தொட்டு, "இது கையாலயா தைக்கிய?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மதினி பக்கம் திரும்பிவிட்டாள்.

"அக்கா, அந்த மருந்து குடுத்த டாக்டரு எந்த ஊர்ல இருக்காரு?"

மதினி அவளைப் பார்த்தாள். "யாருக்கு?"

"இவுகளுக்குத்தான். வண்டிக்குப் போகமாட்டேங்காக. சுவத்தப் பாத்துப் படுத்தே கிடக்காக. குடின்னு சொல்லுதாக எல்லாரும். குடி இல்லக்கா. எனக்குத் தெரியும்."

மதினி எழுந்து கதவைச் சாத்தினாள். அவளைப் பாயில் உட்காரவைத்து, தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, சாவைப் பற்றி ஏதாவது பேசுகிறாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவ்வளவு தூரம் போகவேண்டாம், தென்காசி ஆஸ்பத்திரியிலேயே விசாரி என்றாள். "மருந்து ஒத்துக்கலன்னா நிறுத்த விடாத. டாக்டர்ட்டத் திரும்பப் போ. தலையில கைய வச்சுச் சத்தியம் கேப்பாக. பண்ணிக் குடுக்காத. எங்கிட்டச் சொல்லு, இவகிட்டச் சொல்லு, தெருவுல நின்னுகூடச் சொல்லு."

அந்தப் பெண் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு தலையாட்டினாள்.

மதினிக்கு வாரிசு வேலை வந்தது. அண்ணன் இலாகாவிலேயே அலுவலக வேலை. வேண்டாமென்றுவிடுவாளோ என்று நினைத்தேன். போனாள். தென்காசியில் ஒரு மகளிர் விடுதியில் அறை எடுத்துக்கொண்டாள். ஒரு பையோடு கிளம்பியபோது அம்மா வாசல்வரை வந்தாள். "ஞாயித்துக்கெழம வா" என்றாள். மதினி, "சரி அத்த" என்றாள். எப்போதாவது வருகிறாள். வந்தால் மாடியில் என்னோடு உட்கார்ந்து நூல் பிரித்துத் தந்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறிவிடுகிறாள். அம்மாவும் அவளும் மாத்திரை, முட்டி வலி, பஸ் கூட்டம் என்று பேசுகிறார்கள். அண்ணனைப் பற்றிப் பேசுவதில்லை.

புளியறைக்காரி ஒரு முறை போன் செய்தாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாளாம். மருந்து எடுக்கிறாராம். இன்னும் வண்டிக்குப் போகவில்லை, யாரோடும் பேச்சும் இல்லை, ஆனால் காலையில் எழுந்து வாசலில் வந்து உட்காருகிறார் என்றாள். மதினியிடம் சொல்லச் சொன்னாள். சொன்னேன். மதினி கேட்டுக்கொண்டு, "மாத்திர தீருமுன்னாடியே அடுத்தது வாங்கி வைக்கச் சொல்லு" என்றாள்.